பெரிய சிவப்பு எழும்பாத மார்கழி

நான் வேலை பார்த்த நிலையத்தில் இப்போது நட்சத்திரங்களுக்கு வகுப்புப் போடுவது கணினி. போன மாதம் அங்கிருந்து ஓர் இளம் உத்தியோகத்தர் தொலைபேசியில் அழைத்து, "நீங்க எல்லாம் உண்மையாவே கண்ணால பார்த்தா வகுப்புப் போட்டீங்க, சேர்?" என்று கேட்டாள். அம்மியில் அரைத்துச் சமைத்தவரிடம் பேசுவது போன்ற ஒரு இரக்கம் அவள் குரலில் இருந்தது. கண்ணால்தான் பார்த்தோம் என்றேன். பிழை வராதா என்றாள். வரும், அதற்குத்தான் ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் இரண்டு பேரை வைத்திருந்தார்கள் என்றேன். அந்த இரண்டு பேர் விதியைப் பற்றி எழுதித் தரச் சொன்னாள். எழுதுகிறேன். கணினி மீது எனக்குக் கோபம் இல்லை. அது தேநீர் கேட்பதில்லை, வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் போக அனுமதி கேட்பதில்லை, பக்கத்து மேசைக்காரரைப் பற்றி முறைப்பாடு கொடுப்பதில்லை. இந்த மூன்றையும் நான் ஒழுங்காகச் செய்துவந்தேன்.

எங்கள் நிலையம் கற்பிட்டிப் பாதையில், களப்பு ஏரிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் மணல் நாக்கில் இருந்தது. வெள்ளைக் கூரை உருண்டையாக இருந்ததால் ஊரார் அந்த அலுவலகத்தை முட்டைக் கந்தோர் என்றார்கள். இரவு ஆட்கள் தொலைநோக்கியில் நட்சத்திர ஒளியைப் பிடித்து, அதை நிறமாலையாக, அதாவது ஊதாவிலிருந்து சிவப்பு வரை விரித்த ஒரு நாடாவாகப் பதிவு செய்துவிட்டுத் தூங்கப் போவார்கள். காலையில் மதுரங்குளியிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கும் என்னைப் போன்றவர்கள் அந்த நாடாவைப் பார்த்து நட்சத்திரத்துக்கு ஓர் எழுத்துக் கொடுப்போம். ஆயுள் முழுக்க நட்சத்திரங்களோடு வேலை செய்தேன், அநேகமாக எல்லாம் பகலில்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பல்கலைக்கழகத்தில் படித்த பௌதிகவியலை மறக்க ஒரு வருடம், எழுத்து வரிசையை மறக்க இன்னொரு வருடம். நட்சத்திர வகுப்புகளின் வரிசை ஓ, பீ, ஏ, எஃப், ஜீ, கே, எம். ஓ என்றால் நீலம், மிகச் சூடு. எம் என்றால் சிவப்பு, சூடு குறைவு. முதலில் வகுத்தவர்கள் ஒழுங்காகத்தான் எழுத்திட்டார்கள். பிறகு சூட்டின் கணக்குத் தெரியவந்தபோது வரிசையை மாற்றினார்கள், சில எழுத்துகளைத் தூக்கினார்கள், மிச்சத்தின் பெயரை மாற்ற மட்டும் மனம் வரவில்லை. அரசாங்கக் கந்தோரில் வேலை செய்த எவருக்கும் இது விளங்கும்.

எழுத்தோடு பருவமும் எழுத வேண்டும். வாயு மேகம் சுருங்கி நட்சத்திரம் பற்றிக்கொள்கிறது. உள்ளே ஐதரசன் எரியும் காலம்தான் அதன் நடுவயது. நமது சூரியன், ஜீ வகுப்பு, இப்போது அதில் இருக்கிறது. ஐதரசன் தீர்ந்ததும் ஊதிப் பெருத்துச் சிவக்கிறது. சாதாரண நட்சத்திரமாக இருந்தால் மேலாடையை உதறிவிட்டு வெள்ளையாய்ச் சிறுத்துக் கோடிக்கணக்கான வருடம் ஆறிக் கிடக்கும். பெருத்த நட்சத்திரமாக இருந்தால் வெடிக்கும். இதில் எனக்குப் பழகாமலே போன விஷயம் ஒன்று உண்டு. நாடாவில் நாம் பார்ப்பது பழைய ஒளி. சிவந்து பெருத்த ஒரு நட்சத்திரத்துக்கு நான் எழுத்துப் போடும் அந்த நிமிடத்தில் அது அங்கே இருக்கிறதா என்று எனக்கோ வேறு எவருக்குமோ தெரியாது. வெளியே உப்பு வெயில் கண்ணைப் பறிக்கும். உள்ளே ஒரு மேசை விளக்கின் கீழ், இருக்கிறாரோ இல்லையோ என்று தெரியாதவர்களுக்கு வகுப்புப் பிரித்துக்கொண்டிருப்பேன். முதல் சில வருடங்கள் அதை நினைத்தால் பிடரியில் குளிரும். பிறகு, நினைக்காமல் இருக்கப் பழகினேன்.

எங்கள் பொறுப்பதிகாரி டொக்டர் பெர்னடெற். சிலாபக் கரையின் கத்தோலிக்கக் குடும்பம். நாங்கள் மிஸ் என்போம். உயரம் குறைந்த, சத்தம் குறைந்த மனுசி. கோபம் வந்தால் சத்தம் இன்னும் குறையும். அவர் உதடு அசைவது மட்டும் தெரிந்தால் அன்றைக்கு எவருக்கோ சரியில்லை என்று பொருள். அவர் கொண்டுவந்ததுதான் அந்த விதி. நாடாவில் நட்சத்திரத்தின் பெயரை மறைத்து என்னிடம் தருவார். நான் எழுத்தை எழுதி மூடித் திருப்பித் தருவேன். அதே நாடா வேறு அறையில் இருந்த இன்னொருவருக்குப் போகும். என்ன எழுதினேன் என்று அவருக்குச் சொல்லக்கூடாது. தேநீர் நேரத்தில் முகத்தாலும் காட்டக்கூடாது. இரண்டும் ஒத்துவந்தால்தான் அது வகுப்பு. ஒத்துவராவிட்டால் மிஸ் இருவரிடமும் வந்து ஒரே வார்த்தையைச் சொல்வார்: "திரும்பப் பாருங்க." யார் பிழை என்று ஒருநாளும் சொன்னதில்லை.

ஒருமுறை நான், "மிஸ், இது நமக்குத் தெரிஞ்ச நட்சத்திரம்தானே" என்றேன்.

"நஸார், பார்த்ததச் சொல்லுங்க. தெரிஞ்சதச் சொல்லாதீங்க" என்றார்.

அந்த மார்கழிக்கு முன்னரே இரவு ஆட்களுக்கு ஒரு சந்தேகம் வந்திருந்தது. பஞ்சாங்கக்காரர் திருவாதிரை என்று சொல்லும் அந்தப் பெரிய சிவப்பு நட்சத்திரம் மங்கிக்கொண்டு வந்தது. முதலில் கருவியைக் குற்றம் சொன்னோம். கண்ணாடியைத் துடைத்தோம். உப்புக் காற்றில் கண்ணாடி கெடுவது எங்களுக்கு வழக்கம். பக்கத்து நட்சத்திரங்கள் எல்லாம் பழைய பிரகாசத்தில் இருந்தன. பெரிய சிவப்பு மட்டும் ஒவ்வொரு கிழமையும் குறைந்தது.

அதன் நாடா பெயர் மறைக்கப்பட்டு என்னிடம் வந்தது. எத்தனை மறைத்தாலும் சில நட்சத்திரங்களைக் கண்டுபிடித்துவிடலாம், இருமலை வைத்து ஆளை அறிவது போல. எம் வகுப்பின் அடையாளம் நாடாவின் சிவப்புப் பக்கத்தில் விழும் கறுப்புப் பட்டைகள். நட்சத்திரம் ஆற ஆற அவை ஆழமாகும். ஒளி இவ்வளவு குறைந்திருந்தால் பட்டை நன்றாக ஆழ்ந்திருக்க வேண்டும். ஆழவில்லை. வழக்கம் போல எம் என்று எழுதினேன். மற்றவரும் எம்தான். வகுப்பு மாறவில்லை, ஒளி மட்டும் போய்க்கொண்டிருந்தது.

மிஸ் இரண்டு தாளையும் வைத்துக்கொண்டு மாறி மாறிப் பார்த்தார். "விளக்கு மங்கல்ல. விளக்குக்கு முன்னால ஏதோ வந்து நிக்கிது" என்றார். அந்த நட்சத்திரமே கக்கிய தூசு அதன் முகத்தை மறைக்கிறது என்று பிறகு பலரும் சொன்னார்கள். அன்றைக்கு எங்களுக்கு அது தெரியாது. மிஸ் அதை வெளியே சொல்ல வேண்டாம் என்றார். இன்னும் பார்க்க வேண்டியிருந்தது.

ஆகவே, தை மாதத்தில் ஒரு முற்பகல் வாசலில் வந்து நின்ற மனிதன் கேட்ட கேள்வி என்னைக் கதிரையோடு பிடித்து வைத்தது.

"சேர், அந்தப் பெரிய சிவப்பு வெள்ளி மௌத்தாப் போயிட்டா?"

எங்கள் கடலாட்களுக்கு எல்லா நட்சத்திரமும் வெள்ளிதான்; அது செத்துப்போய்விட்டதா என்று கேட்டான். கருத்து மெலிந்த ஆள். முழங்காலிலிருந்து கணுக்கால் வரை பார், அதாவது கடலடிப் பாறை, கிழித்த காயம் ஆறிக்கொண்டிருந்தது. பெயர் நவ்பர். பக்கத்துக் கடற்கரைக் குடியிருப்பு.

"யார் உங்களுக்குச் சொன்னது?" என்றேன்.

"ஆரும் சொல்லல்ல. கடல்ல காணல்ல."

பெஞ்சில் இருத்தி, தேநீர் கொடுத்துக் கேட்டேன். மார்கழியின், அதாவது டிசம்பரின், முற்பகுதியில் அவனும் அவனுடைய மூத்த சகோதரி ஹஸீனாவின் புருசன் சித்தீக்கும் மேற்கே கடலுக்குப் போயிருக்கிறார்கள். படகு சித்தீக்கினுடையது. மாலையில் திரும்பும்போது கரைப் பக்கம் மழை இறங்கி, ஊர் வெளிச்சம் எல்லாம் மறைந்துவிட்டது. நவ்பரின் தொலைபேசி முதல் நாளே உப்புத்தண்ணீர் குடித்துச் செத்திருந்தது. சித்தீக்கின் தொலைபேசியில் சார்ஜ் தீர்ந்தது. வெள்ளியைப் பார்த்துக் கரைக்கு ஓட்டியிருக்கிறார்கள். படகு வரவேண்டிய இடத்துக்கு நன்றாக வடக்கே போய், கடலுக்குள் இருக்கும் பாரில் மோதி உடைந்தது. நவ்பர் நீந்திப் பிழைத்தான். சித்தீக்கின் மையித்து அடுத்த நாள் உச்சமுனையில் ஒதுங்கியது.

"விசாரணை முடிஞ்சிட்டுத்தானே?"

"ஓம் சேர், விபத்து என்டு எழுதிட்டாங்க. ராத்தா எழுதல்ல."

ராத்தா என்றது ஹஸீனாவை. விசயம் இதுதான். இந்தியப் படகுகள் பீடி இலை மூட்டையைக் கள்ளமாக இறக்குவது அந்த வடக்குப் பார்ப் பக்கம். நவ்பர் கலியாணத்துக்கு முன் ஒருமுறை பீடி இலையோடு பிடிபட்டவன். படகு வடக்கே உடைந்தது என்றதும் ஊருக்குக் கணக்குச் சரியாக வந்துவிட்டது: இவன்தான் மச்சானை மூட்டை எடுக்கக் கூட்டிக்கொண்டு போய்க் கொன்றான். ஹஸீனாவும் அதையே நம்பினாள். உடன்பிறந்தவனுக்கு வாசல் கதவு மூடப்பட்டது. வெள்ளி பிழையாகிவிட்டது என்று அவன் சொன்னதை ஊரில் சிறுவர்கள்கூட நடித்துக் காட்டினார்கள்.

"என்ன கேலி தெரியுமா சேர்? 'நவ்பர் நானா, சூரியன் இன்டைக்கி எந்தப் பக்கம்?' என்டு கேக்கிறானுகள்."

"நீங்க எந்த வெள்ளியைப் பார்த்து ஓட்டினீங்க?"

"எங்களுக்கு ரெண்டு சிவப்பு, சேர். சின்னது முதல்ல எழும்பும், கொஞ்சம் வடக்கால. பெரிசு பிறகு எழும்பும். பெரிச முன்னுக்கு வெச்சா வீடு. அன்டைக்கி கிழக்கில மேகம். ஒரு ஓட்டையில ஒரே ஒரு சிவப்பு. நான் அதப் பெரிசு என்டு பார்த்துட்டன். அதுக்குப் பிறகு பெரிசு எழும்பி வந்தா பிழை தெரிஞ்சிருக்கும். வரவே இல்ல. இன்னும் சரியா வரல்ல."

சொல்லிவிட்டுத் தேநீர்க் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தான். சின்னச் சிவப்பு என்று அவன் சொன்னது ரோகிணி. வேறு எந்த வருடமாக இருந்தாலும் அந்தப் பிழை கொஞ்ச நேரத்தில் தானாகத் திருந்தியிருக்கும். நம் பக்கத்தில் நட்சத்திரங்கள் கிழக்கில் கிட்டத்தட்ட நேராக மேலே ஏறும், ஆகவே வழிகாட்டியாக நெடுநேரம் வைத்திருக்கலாம். பின்னால் எழும்பும் பெரிசு மேகத்தின் புகைச்சலைத் துளைத்துக்கொண்டு தெரியும். அந்த மார்கழியில் துளைக்க அதனிடம் ஒளி இல்லை. அதன் முன்னால் ஏதோ வந்து நின்ற காலத்தை எண்ணிப் பார்த்தேன். போர்த்துக்கேயர் இந்தக் கரைக்கு வருவதற்கும் முன்னர் அந்த நட்சத்திரம் தன் முகத்தை மூடியிருக்கிறது. அந்த இருட்டு அத்தனை நூற்றாண்டு பயணம் செய்து, சித்தீக் படகைத் திருப்பிய மாலைக்குச் சரியாக வந்து சேர்ந்திருக்கிறது. மேசை விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. இருந்தாலும் எழுந்து போய் ஜன்னலைத் திறந்தேன்.

நவ்பர் கேட்டது ஒரு கடிதம்: அந்த வெள்ளி மங்கியது உண்மை என்று. மிஸ்ஸிடம் கொண்டுபோனேன். அவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"மங்கினது உண்மை. அத நான் எழுதலாம். நீங்க அதாலதான் வடக்க போனீங்க என்டு எழுத ஏலாது. உங்க அக்கா படிச்சிட்டு என்ன சொல்லுவா? மங்கின வெள்ளியச் சாட்டா வெச்சிட்டான் என்டுதானே?"

"ஓம் மிஸ்."

"ஒருத்தர் பார்த்தது எங்களுக்குப் பார்வை இல்ல. ரெண்டாவது ஆள் யாரு?"

"மச்சான் மட்டும்தான்."

எங்கள் விதி அத்தனை வருடத்தில் ஒருநாளும் செத்தவர்களை அடக்கும் மையவாடி வரை போனதில்லை. மிஸ் கொஞ்ச நேரம் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்துவிட்டு, "கரையில இருந்த ஆரோடயாவது கடைசியா கதைச்சாரா?" என்றார்.

"ராத்தாவோட போன்ல கதைச்சாரு. என்ன கதைச்சாரு என்டு எனக்குத் தெரியா. நான் என்ஜின் பக்கம் இருந்தன்."

"அவட்ட ஆரும் கேட்டாங்களா?"

"என்னத்த கேக்க, மிஸ்?"

அடுத்த நாள் உச்சி வெயிலில் நிலையத்து வாகனத்தில் போனோம். அந்த வீட்டுக்கு நான் தனியே போயிருக்க முடியாது. ஹஸீனா இத்தாவில் இருந்தாள். புருசன் மௌத்தானால் நாலு மாதமும் பத்து நாளும் பெண் வெளி ஆண்கள் முன் வராமல் வீட்டுக்குள் இருக்கும் காலம். நிலைக்கு நிலை திரைச்சீலை தொங்கியது. மிஸ் திரைக்கு அந்தப் பக்கம் போனார். என்னை விறாந்தையில் ஒரு கதிரையில் இருத்தினார்கள். நவ்பர் வேலிக்கு வெளியே, பாதையில் நின்றான். வெளிக் கதவைத் தாண்டி வர அவனுக்கு அனுமதி இல்லை.

வழியில் மிஸ் எனக்கு ஒரே கட்டளைதான் போட்டார்: நவ்பர் சொன்னதில் ஒரு சொல்லும் அவள் காதில் விழக்கூடாது. வெள்ளி என்ற சொல்லே நாங்கள் சொல்லக்கூடாது. பெயர் மறைத்த நாடா.

திரைக்கு உள்ளிருந்து மிஸ்ஸின் குரல் கேட்டது. முதலில் சாப்பாடு, தூக்கம், பிள்ளைகள். பிறகு, "கடைசியாக் கதைச்சது எப்ப?"

"மஃரிப் தொழுது, யாசீனும் ஓதி முடிச்சிட்டு முசல்லாப் பாய மடிக்கக்குள்ள. இசாவுக்கு இன்னும் நேரம் இருந்திச்சு."

"என்ன சொன்னாரு? ஞாபகம் இருக்கிறத அவர் சொன்ன மாதிரியே சொல்லுங்க."

பிறகு அந்தத் திரைக்குள்ளிருந்து வேறு ஒரு தாளத்தில் பேச்சு வந்தது. பெண் குரல்தான். ஆனால் இழுத்து, அசட்டையாக, சிரிப்பை அடக்கிக்கொண்டு பேசும் ஓர் ஆணின் பேச்சு. நான் சித்தீக்கைக் கண்டதில்லை. அந்த நிமிடம் அவன் அந்தச் சீலைக்குப் பின்னால் கால் மேல் கால் போட்டு இருக்கிறான் என்று சொன்னால் நம்பியிருப்பேன்.

"'ஹஸீ, சோத்த வடிச்சு வை. கரை தெரியல்ல, மழை. பரவாயில்ல, நம்மட பெரிய சிவப்பு வந்துட்டு. இன்டைக்கி வெள்ளன வந்துட்டு, மாப்பிள்ள மாதிரி. உன்ட தம்பி பொறு பொறுங்கிறான், பயந்தவன். சார்ஜ் இல்ல, வெக்கிறன்.' அவ்வளவுதான்."

வெள்ளன வந்துட்டு. நேரத்துக்கு முந்தி வந்துவிட்டது என்று சித்தீக் சொல்லியிருக்கிறான். அவள் அந்தச் சொல்லுக்கு எந்த அழுத்தமும் கொடுக்கவில்லை. கொடுக்க அவளுக்குக் காரணம் தெரியாது. நான் விறாந்தையில் இருந்து கணக்குப் பார்த்தேன். அந்த நாளில், பொழுது பட்டதும் தொழும் மஃரிபுக்கும் இரவில் தொழும் இசாவுக்கும் நடுவில், பெரிய சிவப்பு இன்னும் தொடுவானத்துக்குக் கீழே இருந்தது. மங்கியிருந்தாலும் சரி, மங்காவிட்டாலும் சரி, அதை எவரும் கண்டிருக்க முடியாது. எழும்பியிருந்தது ரோகிணி. இரண்டாவது ஆள் தன் பார்வையைக் கொடுத்துவிட்டார். முதல் ஆளின் பார்வையோடு அது ஒத்துவந்தது, ஒரே ஓர் இடம் தவிர. பார்த்தது நான் என்று நவ்பர் சொல்லியிருந்தான்.

மிஸ் திரையோரம் வந்து, "நஸார்" என்றார். கணக்கைச் சொன்னேன். அவர் உள்ளே திரும்பிப் போனார். அவர் சொன்னதை நான் சரியாகக் கேட்டேன். தெரிந்ததைச் சொல்லவில்லை, பார்த்ததைச் சொன்னார்.

"நீங்க சொன்ன நேரத்தில பெரிய சிவப்பு எழும்பியிருக்கல்ல. எழும்பியிருந்தது சின்னது. அதுக்கு நேர ஓட்டினா படகு வடக்க, பாருக்குத்தான் போகும். பெரிசு பிறகு எழும்பினது, ஆனா அந்த மாசம் அதுக்கு வெளிச்சம் இல்ல. அத எங்கட ஆக்களும் பார்த்திருக்காங்க."

பிறகு அவளுடைய சொந்தக் குரல், மெல்ல: "அப்ப பார்த்தது அவருதான்."

உள்ளே மிஸ் கதிரையை அவள் பக்கம் இழுக்கும் சத்தம் கேட்டது.

"பொறு பொறு என்டது இவன்."

திரை அசைந்தது. காற்றா, கையா என்று தெரியவில்லை.

"நானா" என்று, அண்ணன் முறை சொல்லி, என்னைக் கூப்பிட்டாள். "அவன் வெளிய நிக்கிறானா?"

"ஓம், வேலிக்கு அங்கால."

"வரச் சொல்லுங்க."

நவ்பர் வந்து திரைக்கு முன் நின்றான், உள்ளே போகாமல். சகோதரனுக்குத் திரை தேவையில்லை. அவன் கால்தான் நகரவில்லை.

"பார்த்தது நான் என்டு ஏன்டா ஊரெல்லாம் சொன்ன?"

"மௌத்தானவர்ட தலையில போட ஏலுமா, ராத்தா? அவரால பதில் சொல்ல ஏலாதே."

"சொல்லிட்டாருடா" என்றாள். "இப்பதான் சொன்னாரு."

மிஸ் என்னைப் பார்த்து வாசலைக் காட்டினார். நாங்கள் வாகனத்துக்குப் போனோம். பின்னால் அழுகைச் சத்தம் கேட்டது, யாருடையது என்று திரும்பிப் பார்க்கவில்லை. வழியில் மிஸ் சொன்னது ஒன்றே ஒன்று: "அந்தக் கடிதத்த எழுத வேண்டாம், நஸார். இனித் தேவப்படாது."

பெரிய சிவப்பு அதன் பிறகும் மங்கியது, மாசியில் அடிவரை போனது, பிறகு திரும்ப ஏறத் தொடங்கியது. ஹஸீனாவின் இத்தா முடிந்த நாட்களில் அது கிட்டத்தட்டப் பழைய ஒளிக்கு வந்திருந்தது. இதில் எந்தத் தொடர்பும் இல்லை. தொடர்பு இல்லை என்று தெரிந்தபடியே நாடாவைக் கையில் எடுக்கத் தயங்கினேன். எம் என்று எழுதினேன்.

நவ்பர் இப்போது அதே துறையிலிருந்து வேறொருவருடைய படகில் கடலுக்குப் போகிறான். நான் ஓய்வுபெற்ற பிறகும் மதுரங்குளிச் சந்தைக்கு மீன் கொண்டுவரும் நாட்களில் வீட்டுக்கு வருவான். ஒருமுறை ராத்தா ஒரு கேள்வி அனுப்பியிருப்பதாகச் சொன்னான்: அந்த வெள்ளி உண்மையாகவே மௌத்தாகும் நாளில் இருட்டாகுமா, வெளிச்சமாகுமா?

வெளிச்சமாகும் என்றேன். பட்டப்பகலிலும் தெரியும், இரவில் நிழல் விழும், கிழமைக் கணக்காக நிற்கும், பிறகு அந்த இடத்தில் கண்ணுக்கு ஒன்றும் இருக்காது. ஒருவேளை அது ஏற்கெனவே நடந்து முடிந்து, அந்த வெளிச்சம் வழியில் இருக்கலாம்.

நவ்பர் இரண்டு கிழமை கழித்துப் பதிலோடு வந்தான். "சேர், அது வரப்போகுது என்டு தெரிஞ்சதும் முதல்ல எங்க வீட்டுக்குச் சொல்லட்டாம். அன்டைக்கி என்னக் கடலுக்கு விடமாட்டாவாம்."

"முன்கூட்டித் தெரியாது, நவ்பர். சேதியும் வெளிச்சமும் ஒன்டாத்தான் வரும். ஆராலயும் முந்திக்கொள்ள ஏலாது. அப்படியே ராத்தாவுக்குச் சொல்லுங்க."

அவன் மீன் பையை வாசற்படியில் வைத்துவிட்டுச் சிரித்தான்.

"அப்படிச் சொன்னா என்ன ஒரு நாளும் கடலுக்கு விடமாட்டா, சேர். உங்களுக்குத் தெரியும், சொல்லுவீங்க என்டு சொல்லிட்டன். அவ ஒவ்வொரு நாளும் பின்னேரம் அசர் தொழுத பிறகு கேக்கிறா, சேர் ஒன்டும் சொல்லல்லயே என்டு. இல்ல என்டு சொல்லிட்டுத்தான் படகில ஏறுறன்."

பார்த்ததை மட்டும் சொல்லிப் பழகிய நான் அதை மறுத்து அவளுக்கு ஆள் அனுப்பவில்லை. அசருக்குப் பிறகு, நிலையத்திலிருந்து சேதி வரக்கூடும் என்று, என் தொலைபேசியை நிறுத்தி வைப்பதும் இல்லை.